எழுத்தில்லாத வண்டியின் மூன்றாவது கதவு

புதுச் சுரங்க ரயில் வண்டிகள் வந்த ஒன்பதாம் நாள், பராமரிப்பு ஷெட்டில் கதவு ஃபிட்டர் தன் இடது கையை ஒரு பெட்டியின் மூன்றாவது கதவுக்குள் விட்டு நசுக்கிக்கொண்டார். வேண்டுமென்றேதான் விட்டார். அதற்கு முன் ஒரு தடித்த மரக்கட்டையை வைத்துப் பார்த்திருந்தார்; கதவு அதில் முட்டி, ஒழுங்காகத் திறந்துகொண்டது. பிறகு துடைப்பக் கட்டையை வைத்தார். கதவு கவ்விக்கொண்டு விட மறுத்தது. கட்டைக்கு வலிக்காது, ஆகவே யாரும் நம்ப மாட்டார்கள் என்று மூன்றாவதாகக் கையை வைத்தார். ஓட்டுநர் அறையில் நின்ற எலெக்ட்ரீஷியன், “பச்சைதான் எரியுது! எல்லாக் கதவும் மூடிடுச்சுன்னு காட்டுது!” என்று கத்தினார்.

கை மணிக்கட்டு வரை வீங்கியது. ஆனாலும் விஷயம் புரிந்துவிட்டது. மற்றக் கதவுகளின் விளிம்பில் மெத்தென்ற ரப்பர். ஏதாவது பட்டால் உள்ளே இருக்கும் பட்டை அழுந்தி, கதவு திறக்கும். மூன்றாவது கதவுக்கு மட்டும் எங்கிருந்தோ கல் போன்ற ரப்பரை வாங்கி ஒட்டியிருந்தார்கள்; தடித்த கட்டைக்குத்தான் அது அழுந்தும், கைக்கு அழுந்தாது. இருபத்திரண்டு வண்டிகள், வண்டிக்கு ஆறு பெட்டி, பெட்டிக்கு ஒரு மூன்றாவது கதவு. மொத்தம் நூற்று முப்பத்திரண்டு கதவுகள் மனிதக் கையைக் கை என்றே மதிக்காமல் ஓடிக்கொண்டிருந்தன. பழைய ஓ வகை வண்டிகளின் ரப்பர் ஸ்டோரில் மலையாகக் கிடந்தது. அளவும் சரியாகப் பொருந்தும். கதவுக்கு அரை மணி நேர வேலைதான்.

இருபது வருஷமாகக் கதவைத் தவிர வேறெதையும் தொடாததால் ஷெட்டில் அவருக்குக் ‘கதவு’ என்றே பெயர். கதவு நேராக ஃபோர்மேனிடம் போய்க் கையைக் காட்டினார்.

“பாருங்கண்ணே.”

ஃபோர்மேன் பார்த்தார். “வீங்கித்தான் இருக்கு. ஆனா கையக் காட்டினா இங்க செல்லாது கதவு. எழுதிக் குடு.”

பழுது அறிக்கைப் படிவம் இளஞ்சிவப்பு நிறம். அதில் நாலாவது கட்டம்: ‘வண்டியின் வகை எழுத்து’. ஓர் எழுத்து மட்டும் உட்காரும் அளவுக்குச் சின்னப் பெட்டி. சுரங்க ரயில் கழகத்தில் ஓடும் வண்டிகளுக்கெல்லாம் அ வகை, ஆ வகை என்று எழுத்து உண்டு. வண்டியின் மூக்கில் வட்டத் தகட்டில் பெரிதாக எழுதியிருக்கும். புது வண்டிகளின் மூக்கிலும் தகடு இருந்தது. அதில் எதுவும் எழுதவில்லை. எழுத்து இன்னும் முடிவாகவில்லை, அதுவரை தற்காலிகமாக ஓடட்டும் என்று விட்டிருந்தார்கள்.

கதவு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார். ‘முழுமையற்றது’ என்று படிவம் திரும்பி வந்தது. ‘புதுசு’ என்று எழுதி அனுப்பினார். ‘ஓர் எழுத்துக்கு உரிய இடத்தில் மூன்று எழுத்துகளைத் திணிக்க முயன்றிருக்கிறீர், இது முதல் எச்சரிக்கை’ என்று திரும்பி வந்தது. கடைசியில் ஒரு சின்னக் கோடு போட்டு அனுப்பினார். அதற்கு வந்த பதில் சற்று நீளம்: ‘எழுத்தில்லாத வண்டி எதுவும் கழகப் பதிவேட்டில் இல்லை. இல்லாத வண்டியில் பழுது ஏற்பட வழியில்லை. ஏற்பட்டதாகத் தங்களுக்குத் தோன்றினால் மருத்துவப் பிரிவை அணுகவும்.’

“வண்டியே இல்லைன்னா தினமும் ரெண்டு லட்சம் பேர் எதுலண்ணே போறாங்க?”

“அது போக்குவரத்துப் பிரிவு விவகாரம். நமக்கெதுக்கு?” என்றார் ஃபோர்மேன். பிறகு மனசு கேட்காமல், “தலைமை அலுவலகத்துல ஏழாவது மாடி. போய்ப் பாரு” என்றார்.

ஏழாவது மாடியில் வகைப்பெயர்ப் பிரிவு. பதினான்கு பேர் வேலை பார்த்தார்கள். சுவரில் அ முதல் ஔ வரை பன்னிரண்டு எழுத்துகளும் தங்க முலாம் சட்டத்துக்குள் தொங்கின. ஒவ்வொன்றின் கீழும் பெயரிட்ட தேதியும், அதற்கு ஆன ஆண்டுகளும் பொறித்திருந்தன. பதின்மூன்றாவது ஆணி காலியாக இருந்தது. அதற்குத் தினமும் காலையில் ஒருவர் தூசி தட்டினார்.

கண்காணிப்பாளர் கதவை உட்காரச் சொல்லவில்லை. ஆனால் பேசினார்.

“வண்டிய யார் வேணும்னாலும் செஞ்சிடலாம். இரும்பு இருந்தா போதும். எழுத்து குடுக்கிறது அப்படி இல்ல. பெத்த பிள்ளைக்குத் தப்பா பேர் வெச்சா அது பாட்டுக்கு வளர்ந்துடும். வண்டிக்குத் தப்பா எழுத்து வெச்சா ஃபைல் வளர்ந்துடும். ஈ வகை வந்தப்ப என்ன ஆச்சு தெரியுமா? ‘ஈ வருகிறது’ன்னு ஒலிபெருக்கியில சொன்னதும் ஜனங்க கையால விரட்டற மாதிரி ஆட்டினாங்க. நடைமேடையில கை ஆட்டக் கூடாதுன்னு சட்டம் போட்டுத்தான் நிறுத்தினோம். ஐ வகைக்கு அறிவிப்பு குடுத்த பொண்ணு சந்தோஷமா ‘ஐ!’ன்னு படிச்சிடுச்சு. விளக்கம் கேட்டு மெமோ குடுத்தோம்.”

“ஔ வகைக்கு ஒண்ணும் ஆகலையே சார்?”

கண்காணிப்பாளரின் முகம் மலர்ந்தது. “அங்கதான் பிரிவு பெருசாச்சு. பெயிண்டர் எழுதினதைப் பார்த்து ஸ்டோர்காரங்க அது ஒ வகை, ள வகைன்னு ரெண்டு வண்டின்னு நினைச்சிட்டாங்க. ள வகைக்கு உதிரிபாகம் வைக்கத் தனி கிடங்கு கட்டியாச்சு. கிடங்குக்கு ஒரு காப்பாளர். ள வகை வண்டியே கிடையாது. ஆனா பதினெட்டு வருஷமா அந்தக் கிடங்குல ஒரு சாமான்கூடக் குறையல. போன வருஷம் சிறந்த காப்பாளர்னு அவருக்குத்தான் பரிசு.”

“புது வண்டியில ஆறு பெட்டியிலயும் மூணாவது கதவு கையக் கவ்வுது சார். நீங்க அந்த வண்டியப் பார்த்திருக்கீங்களா?”

“பார்க்கலாமா?” என்றார் அவர் அதிர்ந்துபோய். “பார்த்தா பாரபட்சம் வந்துடாதா? எழுத்து முடிவாகிற வரைக்கும் இந்த மாடியில இருக்கிற யாரும் அந்த லைன்ல ஏறக் கூடாதுன்னு உத்தரவே இருக்கு.”

ஆனாலும் கதவு வந்தது வீண்போகவில்லை. எழுத்துக் குழுவில் ‘வண்டியைத் தொட்டவர்’ ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி. எட்டு மாதமாக அந்த நாற்காலிக்கு ஆள் கிடைக்காமல் கூட்டமே செல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அங்கேயே கதவை உறுப்பினராக்கிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் சொன்னபோது மனைவி நம்பவில்லை. அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். தினமும் அதே லைனில்தான் போய் வந்தாள்.

“உங்களைக் குழுவுல போட்டாங்களா? எதுக்கு, கதவத் திறந்து விடவா?”

“எழுத்து முடிவாகிட்டா ரப்பரை மாத்திடலாம். அதுவரைக்கும் நீ மூணாவது கதவுல மட்டும் ஏறாத.”

கூட்டத்துக்கு எழுத்தியல் இயக்குநர் தலைமை. எழுத்தியல் என்றால் என்னவென்று கதவுக்குத் தெரியாது, மற்றவர்கள் கேட்டதில்லை. வரிசைப்படி அடுத்த எழுத்து ஃ. அங்கேதான் சிக்கல். கழகத்தின் இலக்கண ஆலோசகர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“ஆய்த எழுத்து தனியா வரவே வராது. முன்னாடி ஒரு குறில் இருக்கணும், பின்னாடி ஒரு வல்லின உயிர்மெய் இருக்கணும். அஃது, எஃகு. இதை மீறினா மொழி நம்மள மன்னிக்காது.”

இயக்குநர் நீண்ட நேரம் கூரையைப் பார்த்தார். “அப்ப ஃ வகை வண்டிக்கு முன்னாடி ஒரு குறில் வண்டி போகணும். பின்னாடி ஒரு வல்லின வண்டி வரணும். அதான?”

“இலக்கணம் அப்படித்தான் சொல்லுது.”

“முன்னாடி அனுப்ப அ வகை இருக்கு. பின்னாடி?”

போக்குவரத்து மேலாளர் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்னார்: “வல்லினத்துல நம்மகிட்ட ஒரு வண்டிகூட இல்லீங்க. எல்லாமே உயிரெழுத்து.”

“வாங்கிடுவோம்” என்றார் இயக்குநர்.

ஃ வகைக்குப் பின்னால் போவதற்காக மட்டும் க வகை வண்டிகள் இருபத்திரண்டு வாங்க ஒப்பந்தப்புள்ளி கோருவதென ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அந்த இடத்தில் கதவு கையைத் தூக்கினார்.

“ஐயா, க வண்டி வர்றவரைக்கும் இந்த வண்டியோட மூணாவது கதவ…”

“அது இன்னைய பொருள்ல இல்ல தம்பி” என்றார் இயக்குநர் அன்பாக. “நீங்க தொட்டவர். தொட்டா போதும். பேசணும்னு விதியில இல்ல.”

கூட்டக் குறிப்பில் ‘தொட்டவர் உணர்ச்சிவசப்பட்டார், அமைதிப்படுத்தப்பட்டார்’ என்று பதிவாயிற்று.

இதையும் சேர்த்து மொத்தம் முப்பத்தோரு கூட்டங்கள் நடந்தன. க வண்டி வந்தால் அதற்குப் பின்னால் எந்த வண்டி வர வேண்டும், இரண்டு ஃ வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டால் அதற்கு யார் பொறுப்பு, மூன்று புள்ளிகளில் மேல் புள்ளியை வைக்கும் பெயிண்டருக்கு உயரப்படி உண்டா என்றெல்லாம் பேசினார்கள். கதவு எல்லாக் கூட்டத்துக்கும் போனார்; எல்லாக் கூட்டத்திலும் கையைத் தூக்கினார். பத்தாவது கூட்டத்திலிருந்து அவர் தூக்குவதற்கு முன்பே குறிப்பில் எழுதிவிட்டார்கள்.

பதினோராம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை, கூட்டம் நெருக்கியதில் அவர் மனைவி மூன்றாவது கதவு வழியே உள்ளே தள்ளப்பட்டாள். உடம்பு உள்ளே வந்துவிட்டது. பையைப் பிடித்த வலது கை வெளியே நின்றது. கதவு மூடியது. விளக்கு பச்சை. வண்டி நகர்ந்தது.

சுரங்க வாய்க்கு நாற்பதடி இருக்கும்போது, உள்ளே இருந்த ஒரு பெரியவர் அபாயக் கைப்பிடியை இழுத்தார். அவர் இழுத்ததால் கை தப்பியது. எலும்பு மட்டும் இரண்டு இடத்தில் முறிந்தது.

மருத்துவமனையில், அவள் இஸ்திரி போட்ட விரிப்பிலேயே அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். கதவு ஓடி வந்து கட்டிலோரம் நின்றார்.

“ஏறலைங்க நான்” என்றாள் அவள். “தள்ளிட்டாங்க. நீங்க சொன்னது ஞாபகம் இருந்துச்சு. கால் தரையிலயே இல்ல.”

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பதினோரு மாதமாகத் தான் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டு வந்ததை நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவள் புகார் கொடுத்தாள். இடது கையால் எழுதினாள், கோணல்மாணலாக. புகார் மனுவிலும் வண்டியின் வகை எழுத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. மூன்று வாரத்தில் பதில் வந்தது: ‘தாங்கள் குறிப்பிடும் நாளில், குறிப்பிடும் நேரத்தில், அந்த நடைமேடையில் எழுத்துடைய வண்டி எதுவும் நின்றதாகப் பதிவில்லை. எனவே தங்கள் கை கழகத்தின் எந்த வண்டியிலும் சிக்கியிருக்க இயலாது. விரைவில் குணமடைய வாழ்த்துகள். அபாயக் கைப்பிடியை இழுத்தவரின் முகவரி தெரிந்தால் தெரிவிக்கவும். அபராதம் நிலுவையில் உள்ளது.’

கதவு அதை உரக்கப் படித்தார். அவள் கேட்டாள்: “அப்ப நான் இல்லாத வண்டியிலயா கைய ஒடிச்சுக்கிட்டேன்?”

“அப்படித்தான் எழுதியிருக்காங்க.”

“இல்லாத வண்டின்னா, அதை நீங்க என்ன பண்ணாலும் கேக்க ஆளு கிடையாதுதான?”

கதவு அவளைப் பார்த்தார். இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு யோசனை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

மறுநாள் காலை ஷிஃப்டிலேயே ஆரம்பித்தார். வண்டிகள் முறைவைத்துச் சோதனைக்கு ஷெட்டுக்கு வரும். ஒவ்வொரு பெட்டியிலும் ஏறி, மூன்றாவது கதவைச் சாத்தி, சதுரச் சாவியால் பூட்டி, ‘இந்தக் கதவு திறக்காது, அடுத்த கதவில் ஏறவும்’ என்று தாள் ஒட்டினார். எலெக்ட்ரீஷியன் பசை தடவிக் கொடுத்தார். ஃபோர்மேன் தன் அறை ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அவரால் முடிந்த உதவி அதுதான். நாலு நாளில் நூற்று முப்பத்திரண்டும் முடிந்தது.

ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த கதவுக்கு நகர்ந்தார்கள். யார் கையும் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி பதினோரு விநாடி கூடுதலாக நின்றது.

ஓர் எலும்பு முறிந்தபோது அசையாத கழகம், பதினோரு விநாடி முறிந்ததும் துள்ளி எழுந்தது. தொலைபேசிகள் அலறின. ஐந்தாவது நாள் காலை பத்து மணிக்குள், பூட்டியது யார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கதவு ஒளிக்கவில்லை. “நான்தான்” என்றார். குற்றப்பத்திரிகை தயாரிக்க உத்தரவாயிற்று. தட்டச்சு செய்யும் அம்மாள் தாளைச் செருகி, விரைவாகத் தட்டிக்கொண்டே வந்து, சட்டென நின்றாள்.

“சார், நாலாவது கட்டம். எந்த வகை வண்டியைப் பூட்டினார்னு போடணும்.”

இல்லாத வண்டியின் கதவைப் பூட்டியவனுக்கு எந்தத் தண்டனையும் கொடுக்க முடியாது. இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். காலை பதினொன்று. அவசரக் கூட்டம் கூட்டினார். இலக்கண ஆலோசகரைத் தொலைபேசியில் பிடித்தார்கள்.

“ஃ தனியா நிக்காதுன்னீங்களே, வேற வழியே இல்லையா?”

“எதுக்காகக் கேக்கறீங்க?”

“ஒருத்தரத் தண்டிக்கணும்.”

“அப்படிச் சொல்லுங்க” என்றார் ஆலோசகர். “குற்றப்பத்திரிகையில வந்தா அது எழுத்தே இல்ல, வெறும் குறி. குறின்னா எங்க வேணும்னாலும் தாராளமா நிக்கும்.”

பதினொன்று இருபதுக்கு எழுத்து முடிவாகிவிட்டது.

செய்தி கேட்டதும் கதவு ஓட்டமும் நடையுமாக ஏழாவது மாடிக்குப் போனார். புதிய இளஞ்சிவப்புப் படிவம் ஒன்றை வாங்கி, நாலாவது கட்டத்தில் மூன்று புள்ளிகளை அழுத்தி வைத்து நீட்டினார். கண்காணிப்பாளர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர், உத்தரவின் அடிக்குறிப்பைப் படித்துவிட்டுக் கீழே வைத்தார்.

“மன்னிக்கணும். இந்த எழுத்து ஒழுங்கு நடவடிக்கைக்கு மட்டும்தான். பழுதுக்குச் செல்லாது.”

“ரெண்டும் ஒரே வண்டி சார்!”

“வண்டி ஒண்ணுதான்” என்றார் அவர் பொறுமையாக. “ஃபைல் வேற.”

விசாரணை ஒரு நீள மேசையில் நடந்தது. ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் இயக்குநர். கதவு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

“ஏன் பூட்டினே?”

“கையக் கவ்வுதுங்க. என் சம்சாரம் கை ஒடிஞ்சிடுச்சு.”

“நாங்க ராத்திரி பகலா இந்த வண்டிக்கு ஒரு மரியாதை தேடித் தரப் பாடுபடறோம்” என்றார் இயக்குநர், குரல் தழுதழுக்க. “முப்பத்தோரு கூட்டம்! ஒரு பிஸ்கட்டுக்குக்கூட நான் எழுந்து போனதில்லை. நீ என்னடான்னா கை, ரப்பர்னு கீழ்த்தரமா யோசிக்கறே. வண்டிங்கறது ஜனங்க ஏறி இறங்கற சாமான்னு நினைச்சிட்டியா? அது கழகத்தோட முகம்!”

தீர்ப்பு எழுதியே கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு படி பதவி இறக்கம். இனி அவர் ஃபிட்டர் இல்லை, உதவியாளர். பூட்டிய கதவுகளை அவரே திறந்துவிட வேண்டும். தட்டச்சு அம்மாள் கடைசி வரியை அடித்து முடித்தாள். கதவு கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

“கொஞ்சம் இரு” என்றார் இயக்குநர். பிறகு தட்டச்சு அம்மாளிடம், “இதை அடிக்க வேண்டாம்மா” என்றார். மேசைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார். “என் பொண்ணு இந்த லைன்லதான் காலேஜுக்குப் போறா. அது எந்தக் கதவுன்னே?”

“மூணாவதுங்க.”

“முன்னாடியிருந்து எண்ணியா, பின்னாடியிருந்தா?”

“முன்னாடியிருந்துங்க. எல்லாப் பெட்டியிலயும்.”

ஐந்து பேனாக்களும் ஒரே நேரத்தில் மூடி கழன்றன. ஐந்து பேரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். ஒருவர் எழுதியதைச் சரிபார்க்கப் பக்கத்து ஆளின் தாளை எட்டிப் பார்த்தார். முப்பத்தோரு கூட்டத்தில் இவர்கள் பேனா பிடித்துக் கதவு பார்த்ததில்லை. தட்டச்சு அம்மாள் தாள் கிடைக்காமல் உள்ளங்கையில் ‘3’ என்று எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஷெட்டில் ஃபோர்மேனின் தொலைபேசி ஐந்து தடவை அடித்தது. ஐந்து தடவையும் அவர் எழுந்து நின்று, “சரிங்க, சரிங்க” என்றார். பிறகு கதவைக் கூப்பிட்டு, ஸ்டோர் சாவியைக் கையில் கொடுத்தார்.

“ஓ வகை ரப்பர எடுத்து மாத்திடு. நூத்தி முப்பத்திரண்டும். வர்ற திங்களுக்குள்ள முடியணுமாம், காலேஜ் திறக்குது.”

“ஃபாரம்?”

“வாயால சொன்னா போதாதா உனக்கு?”

கதவு மாற்றினார். எலெக்ட்ரீஷியன் கூடவே நின்றார். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கடைசிக் கதவும் முடிந்தது. எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் யாரும் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. க வகை வண்டிகளுக்கான ஒப்பந்தப்புள்ளி அதே வாரம் நாளிதழில் முழுப் பக்கம் வந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அப்ப கதவெல்லாம் சரியாயிடுச்சு.”

“ஆயிடுச்சு.”

“உங்க பழைய வேலை?”

“அதைத் திருப்பித் தரணும்னா,” என்று சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தார், “அதுக்கு மட்டும் ஃபாரம் எழுதித் தரணுமாம்.”

அவள் எட்டிப் பார்த்தாள். பச்சை நிறம், பதினேழு கட்டங்கள். படிக்கப் படிக்க அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முறிந்த எலும்பு வலித்து, “ஐயோ, போதும், மடிச்சு வைங்க” என்று கெஞ்சும்வரை சிரித்தாள்.